கையடக்க ஈசிஜி கருவி: மாங்குளத்திலிருந்து ஒரு மதிப்பீடு

முதலே சொல்லிவிடுகிறேன்: இதயத் துடிப்பின் மின்சாரத்தைக் கோடாகக் காட்டும் இந்தக் கருவிக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். மூன்றும் ஒரேயொரு வேலைக்கு. அந்த வேலையை அது சுத்தமாகச் செய்கிறது. மற்ற இரண்டும் ஏன் போனது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களும் படித்தால் நல்லது, ஏனென்றால் வட இலங்கையில் எங்கள் வன்னிக்கு இந்தச் சாமான் பெரும்பாலும் அவர்களுடைய சூட்கேசில்தான் வருகிறது.

கொம்பனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி பலர் செய்கிறார்கள், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேலைதான். என்னிடம் இருப்பது இரண்டு விரல் அகலத்தில் ஒரு மெல்லிய பட்டை. மேலே இரண்டு உலோகத் தகடுகள், கீழே ஒன்று. மேலே உள்ளவற்றில் இரண்டு கையின் விரல்களையும் வைக்க வேண்டும், கீழே உள்ளதை இடது முழங்காலில் வெறும் தோலில் படும்படி வைக்க வேண்டும். சாரம் கட்டியிருந்தால் சுகம், ஜீன்ஸ் போட்டிருந்தால் கணுக்காலுக்குக் குனிய வேண்டும். 30 செக்கன் அசையாமல் இருந்தால் போனில் கோடு ஓடி முடியும். அப்புறம் செயலி ஒரு தீர்ப்பு சொல்லும்: சாதாரணம், வேகம் கூட, வேகம் குறைவு, ஏட்ரியல் ஃபிப்ரிலேசன் (துடிப்பின் தாளக்கேடு) இருக்கலாம், அல்லது 'வகைப்படுத்த முடியவில்லை'. கனடாவில் நூறு டொலருக்கு மேல். எனக்கு மாமி அனுப்பினார், சும்மா.

நான் மாங்குளம் சந்திக்குக் கிட்ட பைக் கராஜ் வைத்திருக்கிறேன். வயது 42. எனக்கு இருப்பது இதயத் தசை தடிக்கும் நோய். ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறது. கொழுப்பு அடைப்பு இல்லை, சீனி இல்லை, பிரஷரால் வந்ததும் இல்லை. பிறக்கும்போதே மரபணுவில் இருக்கும் பிழையால் இடது கீழறையின் சுவர், அதிலும் இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள தடுப்பு, தேவையில்லாமல் தடிக்கிறது. சாதாரண ஆளுக்கு அந்தத் தடுப்பு 12 மில்லிமீற்றருக்குள் இருக்கும். வேறு காரணம் எதுவும் இல்லாமல் 15ஐத் தாண்டினால் இந்த நோய் என்கிறார்கள். எனக்கு 19. சுமாராக 500 பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறதாம். பலருக்குக் கடைசி வரை தெரியவே தெரியாது.

தடித்த சுவர் இரத்தம் வெளியே போகும் வழியை நெருக்கும். அதனால்தான் படியேறும்போதும், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்று வேலை செய்யும்போதும் இளைக்கிறது, தலை சுற்றுகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் அறையில் இரத்தமும் குறையும், வழி இன்னும் நெருங்கும். ஓகஸ்ட் மாத மாங்குளத்தில் இதைப் பாடம் எடுத்து விளக்கத் தேவையில்லை. கள்ளும் கூடாது, அது இரத்தக் குழாய்களை விரித்துவிட்டு அதே நெருக்கத்தைத் தரும். இது எனக்கு இருந்த பெரிய துக்கங்களில் ஒன்று, விடுங்கள்.

சரி, கருவி எதற்கு நல்லது? இந்த நோய்க்காரருக்கு மேலறைகளும் காலப்போக்கில் பெருத்து, துடிப்புத் தாளம் கெடுகிறது. அதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேசன். மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும், உள்ளே இரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மற்றவர்களுக்கு வயது, பிரஷர், சீனி எல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் இரத்தம் உறையாத குளிசை தேவையா என்று முடிவெடுப்பார்கள். தசை தடித்தவர்களுக்கு அந்தக் கணக்கே இல்லை, இந்தத் தாளக்கேடு உறுதியானால் குளிசை தொடங்க வேண்டும் என்பதுதான் மருத்துவ வழிகாட்டல்.

சிக்கல் என்னவென்றால் அது வரும், போகும். இரவு பத்து மணிக்கு நெஞ்சு படபடக்கும். விடிய பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், நம்பர் எடுத்து, ஈசிஜி எடுக்கும்போது பிள்ளை மாதிரி அமைதியாக இருக்கும். 24 மணித்தியாலம் கட்டிவிடும் கருவியையும் கட்டினார்கள், அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை. இந்தப் பட்டை தலைமாட்டில் கிடந்ததால் ஒரு நாள் படபடப்பு வந்தபோதே பிடித்துவிட்டேன். 'ஏட்ரியல் ஃபிப்ரிலேசன் இருக்கலாம்' என்று வந்தது. கோட்டை பிடிஎஃப் ஆக்கி, சந்தியில் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். டொக்டர் செயலியின் தீர்ப்பைப் பார்க்கவே இல்லை, கோட்டைத்தான் பார்த்தார். ஆஸ்பத்திரி மெஷினிலும் எடுத்து உறுதிசெய்துவிட்டு வார்ஃபரின் என்ற, இரத்தம் உறையாத குளிசையைத் தொடங்கினார். இப்போது இரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்காகப் போக வேண்டும், ஸ்பனர் வழுக்கிக் கை வெட்டுப்பட்டால் இரத்தம் நிற்க நேரம் எடுக்கிறது. ஆனாலும் பக்கவாதத்துக்கு இது எவ்வளவோ மேல். மூன்று புள்ளியும் இதற்குத்தான்.

பாவிப்பதில் சில சங்கதிகள் உண்டு, பெட்டிக்குள் இருக்கும் தாளில் இவற்றைப் பெரிதாகச் சொல்லவில்லை. கிறீஸ் கையோடு வைத்தால் எடுக்காது. என்னைப் போல விரல்நுனி காய்த்துப்போனவர்கள், வயல் வேலை செய்பவர்கள், சீமெந்து குழைப்பவர்கள் விரலை ஈரத் துணியில் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். காய்ந்த தோலில் கோடு நடுங்கும், செயலி 'வகைப்படுத்த முடியவில்லை' என்று சொல்லும், நாம் வீணாகப் பயப்படுவோம். கொம்பிரசர் ஓடும்போது, சார்ஜில் போன் இருக்கும்போது, சுவர் பிளக்குக்குக் கிட்ட இருக்கும்போது எடுக்காதீர்கள். இன்னொன்று முக்கியம்: கனடாவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், எங்களுக்கு 50. அங்கே ஆரம்பித்துக் கொடுத்து அனுப்பிய செயலியில் மின் இரைச்சல் வடிகட்டி 60 இல் இருந்தது. கோடு முழுவதும் மயிர் முளைத்த மாதிரி வந்தது. செட்டிங்கில் போய் 50 ஆக்கியவுடன் சுத்தமாகிவிட்டது. இதை ஒருவரும் சொல்லித் தரமாட்டார்கள்.

பீற்றா புளொக்கர் குளிசை போடுபவர்களுக்கு விடியற்காலையில் 'வேகம் குறைவு' என்று அடிக்கடி வரும். குளிசையின் வேலையே வேகத்தைக் குறைப்பதுதான், அறை நிரம்ப நேரம் கிடைக்க வேண்டும் என்றுதான் அதைத் தருகிறார்கள். தலை சுற்று இல்லாவிட்டால் அந்த அறிவிப்புக்காகக் குளிசையை நிறுத்தாதீர்கள், அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள்.

இனிப் போன இரண்டு புள்ளிகள்.

மாமி இதை அனுப்பியபோது வட்ஸ்அப்பில் சொன்னது: "தம்பி, பிள்ளையளுக்கும் ஒருக்காப் பார். நோர்மல் எண்டு வந்தால் பயமில்லை." மகனுக்கு 14 வயது, பள்ளிக்கூட உதைபந்தாட்டக் குழுவில் ஓடுகிறவன். மனுசி அவனைப் பிடித்து இருத்தி விரலை வைக்கச் சொன்னாள். 'சாதாரணம்' என்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோசம். பொங்கல் வைக்காத குறை.

அந்த 'சாதாரணம்' என்ற தீர்ப்புக்கு இந்த நோய் விசயத்தில் ஒரு சதப் பெறுமதியும் இல்லை. மெக்கானிக் பாசையில் சொன்னால், எஞ்சின் ஐடிலில் சீராக ஓடும் சத்தத்தைக் கேட்டு சிலிண்டர் சுவரின் தடிப்பைச் சொல்ல முடியுமா? கருவி கேட்பது தாளத்தை மட்டும். தடிப்பை அளப்பது எக்கோ ஸ்கான், ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிப்பது. ஆஸ்பத்திரியின் பெரிய ஈசிஜியில் என்றால் நோய்க்காரர் பலரிடம் இந்த நோயின் அடையாளங்கள் தென்படும், ஆனால் அவற்றில் முக்கியமானவை நெஞ்சில் ஒட்டும் ஆறு வயர்களில் தெரிபவை. விரலும் முழங்காலும் வைத்து எடுப்பதில் அந்த ஆறும் இல்லை. பட்டை நல்லதாக இருந்தாலும் கிடைக்காததைக் காட்ட முடியாது.

உதைபந்தாட்டம் பார்ப்பவர்களுக்கு மார்க்-விவியன் ஃபோ என்ற பெயர் ஞாபகம் இருக்கலாம். கமரூன் அணி நடுக்கள வீரர், வயது 28. 2003 ஜூனில் பிரான்சின் லியோன் நகரத்தில் கொலம்பியாவுக்கு எதிரான அரையிறுதியில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் மைதான நடுவில் விழுந்தார். பிரேத பரிசோதனையில் தெரிந்தது இதே நோய். என் மகனுக்கு அந்தக் கதையைச் சொன்னேன், பயமுறுத்த இல்லை, எக்கோவுக்குப் பள்ளிக்கூடம் கட் அடிக்கச் சம்மதிக்க வைக்க. பள்ளிக்கூடம் கட் என்றதும் சம்மதித்துவிட்டான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கருவி வந்த செய்தி பரவி, கராஜுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "எனக்கும் ஒருக்காப் பாரும்" என்று பைக் ரிப்பெயருக்கு வந்தவரும் கேட்டார், கச்சான் விற்கும் ஆச்சியும் கேட்டார். ஒரு நாள் பக்கத்துக் கடை அண்ணை வியர்த்துக் கொட்டிக்கொண்டு, நெஞ்சைப் பொத்திக்கொண்டு வந்தார். பட்டை 'சாதாரணம்' என்றது. அவர் முகம் தெளிந்து, "அப்ப வாய்வுதான்" என்று எழும்பப் பார்த்தார். நான் விடவில்லை. இந்தக் கருவிகள் மாரடைப்பைக் கண்டுபிடிப்பதில்லை என்று செயலியிலேயே எழுதியிருக்கிறது. 1990க்கு அடித்தேன், சுவசெரிய அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. மாரடைப்புத்தான். இப்போது நல்லாக இருக்கிறார், கடையும் திறக்கிறார். 1990 சேவை இலவசம். அதற்கு மதிப்பீடு எழுதச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து.

அண்ணை தன் நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையை வைத்திருந்தார், அது அவருக்குச் சரி. எனக்கு நெஞ்சு இறுகும்போது யாராவது அன்பாக அதைத் தந்தால் நான் வாங்கக் கூடாது. வழி நெருக்கம் உள்ள தடிப்பு நோய்க்காரருக்கு அந்தக் குளிசையில் உள்ள நைட்ரேற் பிரஷரை விழுத்தி நெருக்கத்தைக் கூட்டும். ஊரில் குளிசை மாற்றிக் கொடுப்பது நல்ல பழக்கம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

இப்போது மாமியின் கதை. முதல் தடவை எக்கோவில் 19 என்று வந்தபோது டொக்டர் கேட்டார், "குடும்பத்தில் 50 வயதுக்கு முன்னம் திடீரென்று செத்தவை இருக்கினமோ?" இதை வன்னியில் ஒருவனிடம் கேட்டால் எங்கே தொடங்குவது? நான் முழித்ததைப் பார்த்து அவரே திருத்திக் கேட்டார்: "செல், குண்டு, பாம்பு, காய்ச்சல் இல்லாமல்."

பெரியப்பா 38 வயதில் உச்சி வெயிலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தபோது விழுந்தார். முனி அடித்தது என்று ஊர் முடிவெடுத்தது. அதற்கு மேல் ஒருவரும் ஆராயவில்லை. அப்பா 2009 ஏப்ரலில் புதுமாத்தளனில் செல்லடியில் போனார். அவருடைய இதயம் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஓடி ஓடி இடம்பெயர்ந்த நாட்களில் அடிக்கடி இளைத்து இருந்துவிடுவார், பசி என்று நினைத்தோம். மற்ற நாட்டுக்காரர் பரம்பரை மரம் கீறும்போது ஒவ்வொரு கிளையிலும் நோய் இருந்ததா இல்லையா என்று குறிக்கலாம். எங்கள் மரத்தில் பாதிக் கிளை போருக்குள் போய்விட்டது. நோய் காட்டமுன்னமே ஆட்கள் போய்விட்டார்கள்.

ஆனால் விடை கனடாவில் ஒரு லாச்சிக்குள் கிடந்திருக்கிறது. அப்பாவின் தங்கச்சிதான் மாமி. அவருக்கும் இதே நோய், நெஞ்சில் அதிர்ச்சி கொடுக்கும் கருவி பூட்டியிருக்கிறார்கள், மரபணுப் பரிசோதனையும் செய்து, எந்த மரபணுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தாள் கொடுத்திருக்கிறார்கள். சொந்தக்காரருக்குக் காட்டச் சொல்லிக் கடிதமும் கூட. மாமி பட்டையை அனுப்பினார், தாளை அனுப்பவில்லை. எனக்கு நோய் என்று சொன்ன பிறகும் கன நாள் மறைத்தார். காரணம் கோபப்படக்கூடியது இல்லை: இரண்டு மச்சாள்மாருக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார். "பரம்பரை வருத்தம் எண்டு தெரிஞ்சால் ஆர் கட்டுவினம்? ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று கடைசியில் அழுதுகொண்டு படம் எடுத்து அனுப்பினார்.

அந்த ஒரு படம், வந்த பட்டையை விட எவ்வளவு பெரியது என்று சொல்கிறேன். மாமிக்கு இருந்த பிழை எம்.வை.பி.பி.சி.3 என்ற மரபணுவில். இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் இரண்டில் ஒன்று அது, மற்றது எம்.வை.எச்.7, இந்த நோய்க்குக் காரணமென்று 1990 இல் முதன்முதலாகக் கண்டுபிடித்தது அதைத்தான். இரண்டும் தசை சுருங்குவதற்கான புரதங்களை எழுதும் மரபணுக்கள். தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணா பெண்ணா என்ற வித்தியாசம் இல்லை. மாமிக்கும் எனக்கும் இருந்தால் நடுவில் அப்பாவுக்கும் இருந்திருக்க வேண்டும். பெரியப்பாவை அடித்தது முனி இல்லை என்று நினைக்க இப்போது நியாயம் இருக்கிறது.

எது தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டால், குடும்பத்தில் மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். இல்லை என்று வந்த பிள்ளைக்கு அதோடு சரி, வருசா வருசம் எக்கோ தேவையில்லை. இருக்கிறது என்று வந்தால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, கவனமாகத் தொடர்ந்து பார்க்க வேண்டும். தாள் இல்லாவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் எக்கோவுக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்: வளரும் பிள்ளைகள் ஒன்று இரண்டு வருசத்துக்கு ஒருக்கா, பெரியவர்கள் மூன்று முதல் ஐந்து வருசத்துக்கு ஒருக்கா.

கல்யாணத்தைப் பற்றி மாமி பயந்தது ஒன்று, நான் பயப்படுவது வேறு. எங்கள் வழக்கத்தில் மச்சான் மச்சாள் கட்டுவது முறை. இரண்டு பேரிடமும் அதே பிழை இருந்தால், பிள்ளைக்கு இரண்டு பக்கத்தாலும் சேர்ந்து வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு, அப்படி வரும் குழந்தைகளுக்கு நோய் பிறந்த சில மாதங்களிலேயே கடுமையாக இருக்கலாம். மறைத்தால் சொந்தத்துக்குள் கட்டும்போதுதான் அது ஆபத்து. இதை மாமிக்கு மெதுவாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார், ஓம் என்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: இதே மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வகை, தெற்காசியரில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2009 இல் வந்த ஆய்வு. இலங்கையிலும் கண்டிருக்கிறார்கள். அது இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, பின்னால் வந்த ஆய்வுகள் அதோடு ஒட்டி வரும் இன்னொரு மாற்றத்தைத்தான் கூடச் சந்தேகிக்கின்றன. எங்கள் குடும்பத்தில் இருப்பது வேறு எழுத்து. அதனால் 'தமிழருக்கெல்லாம் இருக்காம்' என்று வரும் வட்ஸ்அப் செய்தியைப் பார்த்துப் பட்டை வாங்க ஓடாதீர்கள்.

மகனின் எக்கோவில் தடுப்பு 9 மில்லிமீற்றர். நல்லது. ஆனால் தடிப்பு பதின்ம வயதில்தான் பலருக்கு வெளிப்படும், ஆகவே அடுத்த வருசமும் போக வேண்டும். மரபணுப் பரிசோதனை செய்வதா என்று மனுசியும் நானும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். என் தங்கச்சிக்கும் எக்கோ பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்கோவுக்குக் காசு இல்லை, திகதி கிடைக்கத்தான் காத்திருக்க வேண்டும். அவசரமென்றால் தனியாரில் சில ஆயிரம் ரூபாய். அந்தப் பட்டையின் விலைக்கு ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பார்த்துவிடலாம்.

அதனால் வெளிநாட்டு மாமி, சித்தி, மச்சான்மாருக்கு என் விலைப்பட்டியல்: உங்களுக்கு இந்த நோய் என்றால் முதலில் தாளை அனுப்புங்கள். அடுத்து எக்கோவுக்கும் பஸ்ஸுக்கும் காசு. நோய் உறுதியான ஆள் ஒருவர் இங்கே இருந்து, படபடப்பும் வந்து போனால், அப்புறம் பட்டை.

வாங்குவதென்றால் இன்னும் சில. நெஞ்சில் பேஸ்மேக்கரோ அதிர்ச்சிக் கருவியோ பூட்டியவர்கள் டொக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம், இப்படிப்பட்ட பல கருவிகள் அவர்களுக்காகச் செய்யப்பட்டவை இல்லை. பழைய போனில் செயலி இறங்காது, அனுப்பமுன்னமே போன் மொடலைக் கேளுங்கள். மாதச் சந்தா கட்டச் சொல்லிச் செயலி தொந்தரவு செய்யும், கட்டாமலே கோடு வரும், அதுவே போதும். பற்றரி சின்னக் காசு மாதிரி உருண்டை, எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும்.

தொட்டுப் பார்த்துவிட்டு வாங்க விரும்புகிறவர்கள் பின்னேரம் கராஜுக்கு வரலாம், கொம்பிரசரை நிறுத்தி வைக்கிறேன். கையைக் கழுவிவிட்டு வாருங்கள். நெஞ்சு நோவோடு வராதீர்கள், அதற்கு 1990.